ஒரு சொட்டுக் கொசுத்தேன்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து சித்தேரி ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் பூவிழி தேன் கடை வைத்திருந்தாள். பத்துக்குப் பத்து அறை, மூன்று பக்கமும் அலமாரி. அவள் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் மூன்று வருடம் அரூரில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்தாள். பிறகு சித்தேரி மலையில் தேன் எடுக்கும் மாயவன் இறக்கிய இரண்டு கேன் தேனை வாங்கி இந்தக் கடையைத் தொடங்கினாள். கணவன் மாதவராஜுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலை போய்விடுவான். கடையை நடத்தியது முழுக்க அவள்தான்.

அவளிடம் தேன் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் அவள் சொல்வதைக் கேட்கவே வருவார்கள். பாட்டிலில் தேன் சர்க்கரையாக உறைந்துவிட்டது, கலப்படம் என்று சண்டைக்கு வந்தவரை உட்காரவைத்து, "உறையறதுதாங்க தேனோட குணம். பாட்டிலோட வெதுவெதுப்பான தண்ணில வைங்க, இளகிரும். அடுப்புல மட்டும் வெச்சிராதீங்க" என்பாள். பாறை இடுக்கில் பெரிய தேனீ கட்டும் மலைத்தேன் கறுத்து, காரமாக இருக்கும். அது இருமலுக்கு, இஞ்சிச் சாற்றோடு. புதர்க்கிளையில் சின்னதாகத் தொங்கும் கொம்புத்தேன் இளசு, தோசைக்கும் பாலுக்கும் நல்லது. மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டுவது பொந்துத்தேன், வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். சுவர் ஓட்டையில் கொசு மாதிரி இருக்கும் கொட்டாத பூச்சி சேர்ப்பது கொசுத்தேன். தண்ணியாக, புளிப்பாக இருக்கும், கொஞ்சம்தான் கிடைக்கும், விலையும் அதிகம். சர்க்கரை நோய்க்காரர்கள் வந்தால், எது நல்லது என்று கேட்பதற்கு முன்னாலேயே, எதுவும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த நேர்மையைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருந்தது. அவளுக்கும் அதில் பெருமை இருந்தது.

போன தை மாதம், கேட்டவருக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறதென்று, 'எந்தத் தேன் எதற்கு?' என்று ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கடை முகப்பில் கட்டினாள். ஐந்து வரி. கடைசி வரி: 'கைக்குழந்தைக்குக் கொசுத்தேன், தினம் ஒரு சொட்டு. சளி அண்டாது.' பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பது ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். எல்லோரும் செய்வதைத்தானே எழுதியிருக்கிறோம் என்று அவள் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை கிராம நர்ஸ் ஜாஸ்மின் கடைக்கு வந்தாள். ஃபீல்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, மலைத்தேன் கால் கிலோ கேட்டாள். பூவிழி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு, "அக்கா, அந்தக் கடைசி வரிய எடுத்திருங்க. ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தேன் குடுக்கக் கூடாது" என்றாள்.

"கடையில விக்கற தேன் குடுக்கக் கூடாதும்மா. சர்க்கரைப் பாகு ஊத்தியிருப்பான். இது மலையிலேர்ந்து நேரா வர்றது."

"எந்தத் தேனா இருந்தாலும்தான்க்கா. எங்களுக்கு டிரெய்னிங்ல சொல்லியிருக்காங்க."

"உங்க டிரெய்னிங்ல தாய்ப்பாலத் தவிர எல்லாத்தயும் வேணாம்னுதான் சொல்வாங்க" என்று சிரித்தபடி பூவிழி பாட்டிலை நீட்டினாள். ஜாஸ்மின் அதை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு பூவிழிக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வயதுப் பெண், தேனைப் பற்றித் தனக்கே சொல்லித்தருகிறாளே என்று நினைத்தாள்.

அதே வாரம் வியாழக்கிழமை அம்பிகா வந்தாள். பின்தெருவில் ராஜாமணி அம்மாளின் மருமகள், தலைப்பிரசவம், நான்கு மாதப் பெண் குழந்தை. இரண்டு வாரத்துக்கு முன்னால் குழந்தைக்குச் சளி என்று வந்தவளுக்குப் பூவிழிதான் சின்ன மருந்துப் பாட்டிலில் கொசுத்தேன் ஊற்றிக் காசு வாங்காமல் கொடுத்திருந்தாள். காலையில் ஒரு சொட்டு, நாக்கில் தடவு என்றும் சொல்லியிருந்தாள்.

"சளி பரவால்லக்கா. ஆனா நாலு நாளா பாப்பா வெளிக்கே போகல. பாலும் சரியா குடிக்க மாட்டேங்கறா."

ஜாஸ்மின் சொன்னது பூவிழிக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது. வந்ததும் போய்விட்டது. அது ஞாபகம் வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

"தேன் வயித்த இளக்கும். ரெண்டு சொட்டாக் குடு, சரியாயிரும்" என்றாள்.

அம்பிகா சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தை பால் குடிக்கவே இல்லை. அழுதால் பூனைக்குட்டி முனகுவது போலச் சத்தம் வந்தது. இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. தூக்கினால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்பிகாவும் கணவன் சந்துருவும் அரூருக்கு ஓடினார்கள். அங்கே பார்த்த டாக்டர் ஆம்புலன்ஸ் வைத்துத் தருமபுரிக்கு அனுப்பிவிட்டார். திங்கள் காலை கடையைத் திறக்கும்போது, பக்கத்து டீக்கடைக்காரர்தான் பூவிழிக்குச் சொன்னார்.

"நம்ம சந்துரு குழந்தைக்கு மூச்சுக்கு மிஷின் வெச்சிருக்காங்களாம். என்ன வியாதின்னு தெரியலையாம்."

பூவிழி ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றாள். பிறகு ஜாஸ்மினுக்குப் போன் செய்தாள்.

"ஜாஸ்மின், குழந்தைக்குத் தேன் குடுத்தா என்ன ஆகும்? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன்."

"எல்லாக் குழந்தைக்கும் ஆகாதுக்கா. ஆச்சுன்னா முதல்ல மலம் கட்டும். அப்பறம் பால் சப்ப முடியாது. இமை தொங்கும், கழுத்து நிக்காது. விட்டா மூச்சுத் தசையும் வேலை செய்யாது. ஏங்க்கா, யாருக்காவது..."

"இல்லம்மா" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

உடனே அம்பிகாவுக்கு அடித்தாள். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"அம்பிகா, டாக்டர்கிட்ட தேன் குடுத்தேன்னு சொன்னியா?"

"தாய்ப்பால் தவிர என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்கக்கா. எங்க அத்தை உடனே ஒண்ணும் குடுக்கலன்னுட்டாங்க. நர்சம்மா ஏற்கெனவே ஒருதடவ தண்ணி குடுத்ததுக்கே எங்கள திட்டியிருக்காங்க. அதனால நானும் இல்லன்னுட்டேன். இப்ப போய் மாத்திச் சொன்னா எல்லாரும் என்னத்தான் கொலைகாரி மாதிரி பாப்பாங்க. நீங்களும் சொல்லிராதீங்கக்கா. தேனால என்ன ஆயிரப்போகுது?"

போனை வைத்ததும் பூவிழிக்கு முதலில் வந்தது நிம்மதி. அம்பிகா சொல்லமாட்டாள். ராஜாமணி அம்மாளும் சொல்லமாட்டாள். பாட்டிலில் கடைப்பெயர் ஒட்டவில்லை. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதி ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. என்ன வியாதியென்று தெரியாமல் டாக்டர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், தனக்கோ தெரிந்திருக்கிறது என்ற நினைப்பு வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி ஃப்ளெக்ஸின் கடைசி வரியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொசுத்தேன் கேனிலிருந்து கொஞ்சம் ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டுத் தருமபுரி பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் ஐ.சி.யூ. வாசலில் ராஜாமணி அம்மாள் தரையில் முந்தானையை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்பிகா. பூவிழியைப் பார்த்ததும் அம்பிகாவின் முகம் மாறியது. ஏன் வந்தாய் என்று கேட்பது போலப் பார்த்தாள். சந்துரு மருந்து வாங்கப் போயிருந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். பூவிழி எழுந்து போய், "டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் குழந்தைக்குத் தேன் குடுத்திருக்காங்க" என்றாள்.

ராஜாமணி அம்மாள் எழுந்து வந்துவிட்டாள். "யாருடி நீ சொல்றதுக்கு? எங்க வூட்ல யாரும் ஒண்ணும் குடுக்கல. நீ பாத்தியா?"

"நான்தாங்க குடுத்தேன். பதினேழு நாளாச்சு. முதல்ல ஒரு சொட்டு. வெளிக்குப் போகலன்னு வந்தப்ப ரெண்டு சொட்டாக்கச் சொன்னேன்."

டாக்டரம்மா பூவிழியைப் பார்க்கவில்லை. அம்பிகாவைப் பார்த்தார். "உண்மையாம்மா?"

அம்பிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "குடுத்தேங்க" என்றாள் அம்பிகா.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. எத்தனை வேளை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டார். உள்ளே போய் நர்ஸிடம் ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி அதை உடனே நிறுத்தச் சொன்னது வெளியே கேட்டது. திரும்பி வந்தபோது பூவிழி பாட்டிலை நீட்டினாள்.

"என் தேன்ல கலப்படம் கிடையாதுங்க டாக்டர். வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"கலப்படத்தப் பத்தி நான் கேக்கலம்மா. மண்ணுல இருக்கற ஒரு கிருமி விதை மாதிரி தூங்கிட்டிருக்கும். அது நல்ல தேன்லயும் இருக்கும், காய்ச்சினாலும் சாகாது. நம்ம வயித்துக்குள்ள போனா ஒண்ணும் பண்ணாது. ஒரு வயசு ஆகாத குழந்தையோட குடல்ல மட்டும் முளைச்சு விஷத்த விடும். தேன் குடுத்த எல்லாக் குழந்தைக்கும் வராது. யாருக்கு வரும்னு முன்னாடி சொல்லவும் முடியாது."

"மருந்து இருக்குங்களா?"

"இதுக்குன்னு இருக்கற மருந்து நமக்குக் கிடைக்காது. மூச்சுக்கு உதவி பண்ணிட்டே காத்திருக்கணும். உடம்பு தானா மீளும். ஆனா நாளாகும். மத்த காய்ச்சலுக்குப் போடற சில ஊசி இதுல எதிரா வேலை செய்யும். சொன்னது நல்லதாப் போச்சு. இதுவேதான்னு நிச்சயமாத் தெரிய சாம்பிள் வெளியூருக்கு அனுப்பணும்." கிளம்பியவர் நின்றார். "வேற எத்தனை கைக்குழந்தைக்குக் குடுத்தீங்க?"

பூவிழி அதுவரை அந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்போனை எடுத்து, தேன் வாங்கியவர்களின் நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புதுத் தேன் வந்தால் வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வதற்காகச் சேமித்து வைத்தவை. குழந்தைக்கென்று கேட்டு வாங்கியவர்கள் ஒன்பது வீடு. பத்தாவதாக ஒருத்தி இருந்தாள். வைகாசியில் ஒரு மத்தியானம், திருவண்ணாமலை பஸ் டீக்கு நின்ற நேரத்தில் இறங்கி வந்து, ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு கொசுத்தேன் கேட்டவள். இடுப்பில் இரண்டு மாதக் குழந்தை. பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

மறுநாள் காலை சந்துரு கடைக்கு வந்தான். அவன் கத்துவான், பாட்டிலை உடைப்பான் என்று பூவிழி எதிர்பார்த்திருந்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ரெண்டு சொட்டுன்னு யாரு சொன்னதுக்கா? அம்பிகாவா நீங்களா?"

"நான்தான் சந்துரு."

"போலீஸ்ல எழுதிக் குடுன்னு எங்க மாமா சொல்றார்."

"குடு. கேட்டா நடந்தத அப்படியே சொல்றேன்."

"எங்கிருந்தோ ஒட்டின வியாதின்னு இருந்திருந்தாக்கூடப் பரவால்ல. நாமளே ஊட்டி விட்டோமே" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். புகார் எழுதிக் கொடுத்தானா என்று பூவிழிக்குத் தெரியவில்லை. யாரும் அவளைத் தேடி வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வருவார்கள் என்றே இருந்தாள்.

அன்றும் மறுநாளும் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒன்பது வீட்டுக்கும் போனாள். போனில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. பொம்மிடியில் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாட்டிலை எடுத்துவந்து அவள் எதிரிலேயே சாக்கடையில் கவிழ்த்தாள். "அன்னிக்கு அமிர்தம்னு சொன்னது இதே வாய்தானே" என்றாள். பூவிழி தலையாட்டினாள். மூக்கனூரில் ஒரு வீட்டில் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "எங்க வூட்ல நாலு புள்ளைங்களும் சேனை வெச்சு வளந்ததுங்கதான். நீ பயந்துட்ட. போய் வேலையப் பாரு" என்று சிரித்தார்கள். அவள் அம்பிகா குழந்தையின் இமை எப்படித் தொங்கியது, தலை எப்படிச் சாய்ந்தது என்று முதலிலிருந்து சொன்னாள். சிரிப்பு நின்றது. ஆனாலும் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. அந்த வீட்டுப் பெயரை ஜாஸ்மினிடம் சொல்லிவைத்தாள். ஒன்பது வீட்டிலும் குழந்தைகள் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொரு குழந்தையையும் தூக்கி, கழுத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள்.

திருவண்ணாமலை பஸ் கண்டக்டர்கள் மூன்று பேரிடம் சொல்லிவைத்தாள். குழந்தையோடு யாராவது பாப்பிரெட்டிப்பட்டியில் தேன் வாங்கினேன் என்று பேசினால் கடை நம்பரைக் கொடுங்கள் என்றாள். "எத்தனையோ பேர் ஏறி எறங்கறாங்கம்மா" என்றார் ஒருவர். இருந்தாலும் நம்பரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கிடைக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாயவன் இரண்டு கேனோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். பூவிழி நடந்ததைச் சொல்லிவிட்டு, "உங்க மேல தப்பு இல்லண்ணா" என்றாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கழுத்து நிக்காமப் போச்சா?" என்றார்.

"ஆமாண்ணா."

"சத்தமும் வராதா?"

"முனகற மாதிரிதான் வந்துச்சாம்."

"எங்க ரெண்டாவது பொண்ணு மூணு மாசத்துல அப்படித்தான் போச்சு, தங்கச்சி. இருபது வருசம் இருக்கும். காத்து பட்டிருச்சின்னு சொன்னாங்க. நானும் கோயில்ல கெடா வெட்டினேன். பொறந்த அன்னிலேர்ந்து நானே கொசுத்தேன் எடுத்தாந்து விரல்ல தொட்டு வெச்சேன். அதுவா இருக்குமா?"

"தெரியலண்ணா. வேற எதாவதாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் அவர். டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு சித்தேரி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பூவிழி அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, ஊரில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

வியாபாரம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. விஷத்தேன் கடை என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை வந்த மாதவராஜ், "வேற ஊர்ல கடை போட்டுக்கலாம்" என்றான். "அங்கயும் கைக்குழந்தைக்காரங்க வருவாங்களே" என்றாள் பூவிழி.

அம்பிகாவின் குழந்தை பத்தொன்பது நாள் மிஷினில் இருந்தது. இருபதாவது நாள் தானாக மூச்சு விட்டது. மூக்குக் குழாய் வழியாகப் பால் இறங்கியது. நாற்பத்தேழாவது நாள் வீட்டுக்கு வந்தார்கள். வெளியூர் ரிசல்ட் தெளிவாக எதையும் சொல்லவில்லை. ஆனாலும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாக ஜாஸ்மின் சொன்னாள். பூவிழி பார்க்கப் போகவில்லை. பின்தெரு வழியாகப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், ஜாஸ்மின் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டாள். தாய்மார்களிடம் அவளே சொன்னால் கேட்பார்கள் என்றாள். பூவிழி போனாள். இருபது பேர் இருந்தார்கள். நடந்ததை அம்பிகாவின் பெயர் சொல்லாமல் சொன்னாள். ஆனால் குடுத்தது நான், ரெண்டு சொட்டாக்கச் சொன்னதும் நான் என்பதை மறைக்கவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சில் அம்பிகாவைப் பார்த்துவிட்டாள். மடியில் குழந்தை. இளைத்திருந்தது. தலை நேராக நின்றது. அம்பிகா எழுந்து வெளியே போய்விட்டாள்.

பேசி முடித்து வந்தபோது அம்பிகா வராண்டாவில் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பூவிழி தயங்கி, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எப்படி இருக்கா?"

"ராத்திரி ரெண்டு தடவ எழுந்து மூக்குல கை வெச்சுப் பாக்கறேன்."

குழந்தை பூவிழியின் புடவைக் கரையைப் பார்த்துக் கையை நீட்டியது. அம்பிகா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேங்க்கா. இன்னிக்கு வரைக்கும் எங்க அத்தை எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. உங்கள நினைச்சா கோவம்தான் வருது. குழந்தையப் பாத்தா கோவப்படவும் முடியல."

"கோவம் இருக்கட்டும் அம்பிகா. எனக்கே எம்மேல இருக்கு."

"கடைப்பக்கம் இப்போதைக்கு வரமாட்டேன்."

"சரி."

உள்ளேயிருந்து ஜாஸ்மின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்பிகா குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஊசி போடும் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. நல்ல உரத்த அழுகை. அது அடங்கும்வரை பூவிழி வராண்டாவிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.